தாய்மாமன் பெயர் கொள்ளாத பலகை

எந்தப் பெட்டியையும் நெட்டில் மாட்டுவதற்கு முன்னால் அதற்கு அளவுக்கு மீறி ஊட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால், இப்போது வேலைக்கு வருகிற தம்பிகள் சிரிக்கிறார்கள். “அதெல்லாம் அதுவே அப்டேட் ஆயிடும் மாமா” என்கிறார்கள். ஆகும். ஆகாதபோது என்ன ஆகும் என்பதை நம்மூரில் கேமரா, வைஃபை வேலை செய்கிறவர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலையும் இல்லை. எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு முந்திரி லாரி கிளம்பியது, ஏறிக்கொண்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். சூரத்தில் சாயத் தொட்டி கழுவினேன். மும்பையில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கேபிள் டிவி வயர் இழுக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் ஒரு மாடியிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. முதலாளி டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். எலும்பு தானாகக் கோணலாகச் சேர்ந்துகொண்டது. இன்றும் என் இடது கை தலைக்கு மேல் போகாது. பிறகு கோவா, பெங்களூரு என்று வயரோடு வயராகச் சுற்றினேன். போன இடமெல்லாம் இரவில் படுக்க ஒரு பஸ் நிலையம் இருந்தது, குறை சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்பலாம் என்று ரயில் ஏறியபோது கடலூரில் இறங்குவதாகத்தான் திட்டம். தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது சிதம்பரம். இறங்கி வெளியே வந்து நடந்தேன். பஸ் நிலையம் பக்கம் ஒரு கடையில் ‘கேமரா, நெட்வொர்க் வேலைக்கு ஆள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. என் மீதி வாழ்க்கை முழுதும் அந்தத் தூக்கத்தால் வந்தது.

கடைக்காரர் திலகவதி மேடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். சென்னையில் ஒரு கம்பெனியில், விற்பனைக்கு வரும் பெட்டிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய முடிகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் சிதம்பரம் வந்து கடை போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். யாரையும் திட்ட மாட்டார். திட்ட வேண்டிய இடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பார். திட்டே தேவலாம் என்று தோன்றும்.

முதல் நாள் என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“அண்ணே, பஸ்ஸுல இத்தன பேர்தான் போவலாம்னு எழுதியிருக்கும், பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்.”

“அத்தன பேர்தான் ஏறுறாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஒரு தடவை போனவனிடம் கேட்கிற கேள்வியா அது?

“அதுக்கு மேல ஏறுனவுங்க எங்க நிக்கிறாங்க?”

“படியில நிப்பாங்க. டிரைவர் பக்கத்துல அந்த இன்ஜின் மேல உக்காருவாங்க.”

“அங்கயும் எடம் இல்ல. டிரைவர எழுப்பி வுட்டுட்டு அவரு சீட்டுலயே ஒருத்தன் உக்காந்துட்டான். அப்ப?”

“அப்ப அவன்தாங்க பஸ்ஸ ஓட்டுவான்.”

“நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க” என்றார்.

அந்தப் பஸ்தான் இந்தத் தொழிலில் நான் படித்த பாடம். கேமரா, ரௌட்டர், விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் பெயர், பாஸ்வேர்டு, ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். பெட்டி செய்தவன் ஒழுங்கானவனாக இருந்தால், இடம் நிறைந்ததும் கதவை மூடும்படி செய்திருப்பான். சோம்பேறியாக இருந்தால் வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டுவிடுவான். கூடுதலாக வந்த எழுத்துகள் பக்கத்து இடத்தில் போய் உட்காரும். பக்கத்தில் இருப்பது சில சமயம் வெறும் படிக்கட்டு. சில சமயம் டிரைவர் சீட். இது தெரிந்த திருடன் வேண்டுமென்றே நீளமாக எழுதி அனுப்பி, கடைசியில் ஏறுகிற ஆளாகத் தன் ஆளை வைத்திருப்பான்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு விருந்து என்று பெயர். புதுப் பெட்டி வந்தால் நேராக வாடிக்கையாளரிடம் போகாது. முதலில் மேசைக்கு வரும். வேறு எதனோடும் சேராத தனி வயரில் அதை மாட்டுவோம். பெயர் கேட்கிற இடத்தில் கொஞ்சம் எழுத்து. பிறகு அதுபோல் இரண்டு பங்கு. பிறகு நாலு பங்கு. ஊட்டிக்கொண்டே அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘நீளம் அதிகம்’ என்று சொல்லி மறுத்தால் நல்ல பெட்டி. விளக்கு துடித்து அணைந்து, பெட்டி தானாக மறுபடி உயிர் பெற்றால் அதற்கு வாந்தி என்று பெயர். அட்டைப் பெட்டியின் மேல் மார்க்கரில் ‘வாந்தி’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

சென்னையிலிருந்து வருகிற விற்பனைப் பிரதிநிதிக்கு இது பிடிக்கவே இல்லை.

“மேடம், பேர் போடுற எடத்துல யாராச்சும் இவ்ளோ எழுத்து போடுவாங்களா?”

“போடுறவுங்க ஊரு இது. ஒரு கல்யாணத்துக்கு வந்து பாருங்க” என்றார் மேடம். அது இப்படிப் பலிக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். கேமரா, வைஃபை எல்லாம் நாங்கள் போட்டது. நுழைவாயில் வளைவின் மேல் எழுத்து ஓடும் நீளப் பலகை ஒன்று உண்டு. அதை மண்டபத்துக்காரரே ஆன்லைனில் வாங்கியிருந்தார். மேடம் அதற்கும் விருந்து வைத்தார். செல்போன் ஆப்பில் எத்தனை எழுத்து விடுகிறதோ அத்தனை ஆங்கில எழுத்தையும் ஊட்டினார். பலகை எல்லாவற்றையும் செரித்துக்கொண்டு ஓட்டியது. தேறியது என்று மாட்டிவிட்டோம். மண்டப மேனேஜர் சண்முகம் அதில் மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போட்டு, கீழே ‘வெல்கம்’ போடுவார். அவ்வளவுதான் அதற்கு வேலை.

அன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பு. பெண் கயல்விழி சிதம்பரம். மாப்பிள்ளை பிரபு கடலூர். கேமராக்களைப் பார்த்துக்கொள்ள என்னை மண்டபத்தில் விட்டுவிட்டு, மேடம் வேறு வேலையாகக் கடலூர் போயிருந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் கலியபெருமாள் சீர்வரிசையோடு வந்து இறங்கினார். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு உள்ளவர். தட்டுத் தட்டாகப் பெண்கள் ஏந்தி வர, பின்னால் ஒரு மினி லாரியில் பலாப்பழம் வந்தது. வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்பா மேனேஜரு, கல்யாணம் தமிழ்நாட்டுலதான நடக்குது?”

“ஆமாங்க மாமா.”

“தாய்மாமன் பேரு எங்க? தமிழ்ல போடு. நான் சொல்றேன், எழுதிக்க.”

அவர் சொல்லச் சொல்ல சண்முகம் செல்போனில் அடித்தார். ‘காடாம்புலியூர் முந்திரித் தோப்பு அமரர் கோ. முத்துக்குமாரசாமி அவர்களின் மூத்த குமாரர், மணமகளின் தாய்மாமன் திரு. மு. கலியபெருமாள், திருமதி செல்லம்மாள் கலியபெருமாள் மற்றும் குடும்பத்தார்’.

“கொஞ்சம் ஜாஸ்தி மாமா.”

“ஏத்துக்கிச்சா இல்லியா?”

ஆப் ஏற்றுக்கொண்டது. பலகை ஒரு நொடி இருண்டது. பிறகு காடாம்புலியூரிலிருந்து கிளம்பி, அமரரைத் தாண்டி, செல்லம்மாள் அத்தையைச் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தாரில் போய் முடிந்தது. ஓர் எழுத்து குறையவில்லை. கலியபெருமாள் அதை வீடியோ எடுத்துக்கொண்டார். சீர் உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம். மாப்பிள்ளை கார் வாசலுக்கு வந்துவிட்டது. பேண்டு செட் வாசித்தது. முன்னால் வந்த மாப்பிள்ளையின் அப்பா தண்டபாணி, கடலூரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், பலகையைப் படித்தார். ஒரு சுற்று முடிந்தது. தன் பெயர் அடுத்து வரும் என்று நின்றார். மறுபடி காடாம்புலியூர். இன்னொரு சுற்று நின்றார். மறுபடியும் அமரர் முத்துக்குமாரசாமி.

“ஏம்பா, இது என் மவன் கல்யாணமா, இல்ல கலியபெருமாளுக்குப் பாராட்டு விழாவா?”

“இதோ மாத்திடுறேன் சார்” என்று சண்முகம் செல்போனை எடுத்தார். பாஸ்வேர்டு தப்பு என்றது. பர்சில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து அடித்தார். தப்பு. மூக்குக் கண்ணாடி போட்டு அடித்தார். தப்பு. என்னிடம் கொடுத்தார், நானும் அடித்தேன். பாஸ்வேர்டு போட்டவர் மேடம், சீட்டில் எழுதியவன் நான். அப்படியும் தப்பு. கொஞ்ச நேரம் கழித்து முயலவும் என்று சொல்லிவிட்டது.

நான் போய் பலகையின் பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து கலியபெருமாள் ஓடிவந்தார்.

“யார்ரா அது? எம் பேரு ஓடுறப்பதான் கரன்ட்டு போவுமா?”

மாட்டினேன். பலகை விழித்துக்கொண்டு முதல் வேலையாகக் காடாம்புலியூர் என்றது.

“பாத்தியா மச்சான், பிளக்கப் புடுங்கினாலும் அவுருதான் வராரு” என்று மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். தண்டபாணிக்கு அது பிடிக்கவில்லை.

“எங்க பேரு வர்ற வரைக்கும் நாங்க உள்ள வரல. கார் இங்கயே நிக்கட்டும்.”

“போர்ட அணைச்சா சீர எடுத்துக்கினு நான் ஊருக்குப் போறேன்” என்றார் கலியபெருமாள். சொன்னதோடு நிற்கவில்லை. மினி லாரி டிரைவரைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையும் காட்டினார்.

கோட்டு சூட்டுக்குள் மாப்பிள்ளை வெந்துகொண்டிருந்தார். பேண்டு செட்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து மறுபடி முதல் பாட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் மேடத்தை அழைத்தேன். கடலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தார். உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டு வருவதாகச் சொன்னார்.

“பாஸ்வேர்ட யாராச்சும் மாத்துனாங்களா?”

“ஒருத்தரும் தொடல மேடம்.”

“கடைசியா போர்டுல என்னா போட்டீங்க?”

சொன்னேன். மூச்சு வாங்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

“தமிழ்லயா?”

“தமிழ்ல.”

பஸ் இரைச்சலை மீறி மேடம் குரலை உயர்த்தினார். “தப்பு என்னுதுண்ணே. நான் இங்கிலீஷ்ல ஊட்டிட்டேன். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு சீட்டு. தமிழ்ல வெறும் ககரத்துக்கே மூணு சீட்டு, கொம்பு கால் போட்டா ஆறு. ஆப்பு எழுத்தத்தான் எண்ணுது. போர்டு ஒண்ணையுமே எண்ணல. நம்ம பஸ்ஸு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“கடைசில ஏறுன ஆளு டிரைவர் சீட்டுல உக்காந்துட்டான். பாஸ்வேர்டு இருந்த எடத்துல இப்ப மாமா பேரோட வாலு இருக்கு. அதான் புது பாஸ்வேர்டு. அந்த லைன அப்டியே அனுப்புங்க. போர்டு எவ்ளோ கொள்ளும்னு புக்குல போட்டிருந்தான், எண்ணிப் பாத்துச் சொல்றேன்.”

அனுப்பினேன். சிக்னல் போனது. தண்டபாணியின் தம்பி காரைத் திருப்பச் சொல்வது கேட்டது. மேடத்தின் அழைப்பு வந்தது.

“அண்ணே, ‘ம்பத்தார்’னு போடுங்க.”

“முன்னால ‘குடு’ வேணாமா?”

“அந்த ரெண்டெழுத்தும் இந்தப் பக்கமே நின்னுடுச்சு. ‘ம்பத்தார்’ மட்டும்.”

அடித்தேன். சண்முகம் எட்டிப் பார்த்து, “ம்பத்தாரா? என்னா பாஷை இது?” என்றார். ஆப்பின் பூட்டு திறந்தது.

“தெறந்துடுச்சு மேடம்!”

“இது சந்தோஷப்படுற விஷயம் இல்லண்ணே. நாம தெரியாம செஞ்சத வேற எவனாவது தெரிஞ்சே செய்வான். மொதல்ல மாப்ளய உள்ள கூப்புடுங்க.”

அது அவ்வளவு சுலபமாக இல்லை. தண்டபாணி தன் வீட்டுப் பெயர்களை எழுதிய காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கலியபெருமாளுடையதைவிட நீளம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அண்ணன், சிங்கப்பூர் மருமகன், பெயின்ட் கடையின் இரண்டு கிளைகள் எல்லாம் அதில் இருந்தன. மேடத்திடம் படித்துக் காட்டினேன்.

“அத அப்டியே போட்டா மறுபடி பூட்டிக்கும். துண்டு துண்டா ஓட வுடுங்க.”

“அவுங்க பேரு ஒரே மூச்சுல ஓடுச்சு, எங்களுது மட்டும் துண்டா?” என்றார் தண்டபாணி.

“அப்ப மாமா பேரையும் கொஞ்சம் கொறச்சிடலாம்” என்று நான் கலியபெருமாளைப் பார்த்தேன்.

“எத கொறைப்ப? எங்கப்பாவயா, எம் பொண்டாட்டியயா?”

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்யாணம் என் கட்டை விரலில் தொங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்போது மணப்பெண் வெளியே வந்தார். தலை அலங்காரம் பாதி. ஒரு காதில் ஜிமிக்கி இருந்தது, இன்னொரு ஜிமிக்கி பின்னால் ஓடிவந்த அலங்காரக்காரப் பெண்ணின் கையில் இருந்தது.

“மாமா” என்றார். தாய்மாமனும் மாமனாரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

“இந்த போர்டுல யாருக்குக் கல்யாணம்னு போட்டிருக்கு?”

எல்லாரும் அண்ணாந்தோம். செல்லம்மாள் கலியபெருமாள் போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் குடும்பத்தார் போனார்கள். பிறகு காடாம்புலியூர் வந்தது.

“மொதல்ல உன் பேருதான் இருந்துச்சு பாப்பா” என்றார் கலியபெருமாள்.

“இருந்துச்சு. உங்க பேரு பண்ருட்டி வரைக்கும் தெரியும் மாமா. எம் பேர போர்டுல போடுறது இன்னிக்கு ஒருநாள்தான்.” பிறகு தண்டபாணியிடம், “உங்க பையன் கார்ல வேத்து ஊத்திக்கினு உக்காந்திருக்காரு. போட்டோவுல அழுத மாரி வுழும். பரவால்லியா?” என்றார்.

பேண்டு செட்கூட நின்றுவிட்டது.

“ரெண்டு பேரு போதும். போடுங்கண்ணே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, இன்னொரு ஜிமிக்கியை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

போட்டேன். கயல்விழி, பிரபு. பெயர்கள் சின்னதாக இருந்ததால் பலகையில் எழுத்து ஓடவில்லை. அப்படியே பெரிதாக நின்றது. கலியபெருமாள் ரொம்ப நேரம் பார்த்தார்.

“தூரத்துலேருந்து படிக்க நல்லாத்தான் இருக்கு” என்றார். மினி லாரியைப் பார்த்துக் கையை மறுபடி ஆட்டினார். வண்டி நின்ற இடத்தில் நின்றது. தண்டபாணி தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மேடம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்காராமல் நேரே போய் பலகையின் நெட் வயரைப் பிடுங்கினார். கேமராக்களும் அந்தப் பலகையும் ஒரே வயரில்தான் இருந்தன. பலகையின் டிரைவர் சீட்டைப் பிடித்தவன் அங்கிருந்தபடியே கேமராவுக்குப் போகலாம், மணமகள் அறை வாசலை வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அதை அவர் மெதுவான குரலில் சொன்னார்.

மறுநாள் பலகையை இயக்கும் பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்தோம். மறுபடி விருந்து, இந்தத் தடவை தமிழில். இன்னொரு ஓட்டையும் கண்ணில் பட்டது. பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் ‘நீங்கள் யார்’ என்று பெயர் கேட்கும் இடத்திலும் அது அளவு பார்க்கவில்லை. அங்கே ஊட்டினாலும் வாந்தி. அதாவது, பாஸ்வேர்டே தெரியாத ஆள் வாசலில் நின்றபடி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகலாம்.

பலகையைத் தயாரித்த கம்பெனிக்கு மேடம் எழுதினார். இவ்வளவு நீளமான பெயர் நடைமுறையில் இருக்காது என்று பதில் வந்தது. கலியபெருமாள் எடுத்த வீடியோவை வாங்கி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர்கள் வாதாடவில்லை. கொஞ்ச காலம் ஆனது, ஆனாலும் புது மென்பொருள் அனுப்பினார்கள். ஆப்பை நம்பாமல், வருகிற எழுத்தின் அளவைப் பெட்டியே எண்ணிப் பார்க்கும். கூடுதலாக இருந்தால் மறுக்கும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் அதே கம்பெனிப் பலகை இருந்த மண்டபங்களுக்கெல்லாம் போய் நான்தான் அந்த மென்பொருளை ஏற்றினேன். எந்த மண்டபத்திலும் பலகைக்குத் தனி வயர், கேமராவுக்குத் தனி வயர். வெளியூரிலிருந்து உள்ளே வரும் வழி தேவையில்லாத இடத்தில் ரௌட்டரில் அந்த வழியை அடைத்தோம். புது மென்பொருளை ஏற்றுக்கொள்ளாத பழைய பெட்டிகளை நெட்டிலிருந்தே கழற்றி, “பென் டிரைவ்ல போட்டுக் குத்துங்க” என்று சொல்லிவிட்டு வந்தோம். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர், “யாருங்க எங்க மண்டபத்துக்குள்ள பூந்து என்னா பண்ணப் போறான்?” என்றார். ‘ம்பத்தார்’ கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வயரைக் கழற்ற விட்டார்.

எங்கள் விருந்தில் அன்றிலிருந்து முதல் உருண்டை கலியபெருமாளின் அந்த வரிதான். ரௌட்டரோ கேமராவோ வருகைப் பதிவு மெஷினோ, எது வந்தாலும் அமரர் முத்துக்குமாரசாமியின் மூத்த குமாரரை முழுதாக விழுங்கச் சொல்வோம். விஷயம் தெரிந்து அவரே ஒருநாள் கடைக்கு வந்துவிட்டார், கையில் ஒரு பலாப்பழத்தோடு.

“எம் பேரு இதுவரைக்கும் எத்தன பொட்டிய கவுத்துருக்கு?”

“நெறைய மாமா.”

“ஆங்” என்று மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

காறை எலும்பு ஏணியை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதும் நான் வேலையை விட்டேன். கடைசி நாள் கடையில் கேசரி, டீ. மேசை மேல், புது மென்பொருள் ஏற்றிய அந்தக் கல்யாண மண்டபத்துப் பலகைப் பெட்டியை வைத்து, ஒரு சின்னப் பலகையையும் மாட்டியிருந்தார்கள். என் பெயரை ஓட விடுவதாக ஏற்பாடு. திருப்பூர், சூரத், மும்பை, கோவா, பெங்களூரு புகழ் என்று ஆரம்பித்து, ஏணி ஏந்தல் என்றெல்லாம் பட்டம் போட்டு, கடைசியில் திரு. ராஜாங்கம் அவர்கள் என்று தம்பிகள் ஒரு நீள வரி எழுதிவைத்திருந்தார்கள். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்போனில் தானே அனுப்பினார்.

பலகை இருட்டாகவே இருந்தது. செல்போனில் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘நீளம் அதிகம்’.

தம்பிகளுக்கு முகம் விழுந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தேன். துடிக்காமல் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் முதலில் கை தட்டினோம்.